72 மணித்தியாலம்

வணக்கம் நேயர்களே. வன்னியில் நெடுங்காலம் மருத்துவமாதாக வேலை செய்தவள் நான். இன்று அவசரக் கருத்தடைக் குளிசையைப் பற்றிப் பேசப் போகிறேன். பக்கத்தில் மாமியார் இருக்கிறார் என்று வானொலியின் சத்தத்தைக் குறைக்காதீர்கள், அவரும் கேட்கட்டும்.

ஆணுறை கிழிந்துவிடுகிறது. தினமும் போடும் கருத்தடைக் குளிசை மறந்துபோகிறது. ஊசி போடும் தேதி தவறிவிடுகிறது. அதற்குப் பிறகும் கரு தங்காமல் தடுக்க வழி இருக்கிறது. மருந்துக்கடையில் போஸ்டினோர் என்று கேட்டால் தருவார்கள். வைத்தியரின் துண்டு தேவையில்லை. உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்காக மூன்று நாள் இருக்கிறதே என்று ஆறியிருக்கக் கூடாது. எவ்வளவு முந்திப் போடுகிறோமோ அவ்வளவு பலன்.

மல்லாவிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி. கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. மச்சாள் குளிசையின் பெயரை எழுதிக்கொடுத்த துண்டை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். உள்ளே நின்றவர் கணவனின் சித்தப்பா. "என்ன பிள்ளை, யாருக்குச் சுகமில்லை?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பனடோல் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நம்முடைய ஊர்களில் மருந்துக்கடைக்காரர் யாருக்காவது சொந்தமாகத்தானே இருப்பார்! மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு. அதற்கடுத்த நாள் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி, முகம் தெரியாத கடையில் வாங்கிப் போட்டாள். நல்லவேளை, கரு தங்கவில்லை. ஆனால் வெட்கம் இரண்டு நாளைத் தின்றுவிட்டது, பாருங்கள். குளிசையின் பெயர் நம் பெண்கள் பலருக்குத் தெரியும். நேரம்தான் தெரியாது. நேரம் என்பதை இன்னும் பத்துத் தடவை சொல்வேன்.

அவள் என்னிடம் கேட்டது வேறு: "மிஸ், இது கருவைக் கலைக்கிறது இல்லையா? பாவம் வராதா?" இல்லை, அம்மா. முட்டை வெளிவருவதை இது பிந்தச் செய்கிறது, அவ்வளவுதான். தங்கிவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது. பின்னாளில் பிள்ளை பிறப்பதையும் தடுக்காது. கருக்கலைப்புக்கு நம் நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இருக்கிறது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே இடமுண்டு. கள்ளமாகக் கலைக்கப்போய்ச் சீரழியும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? முந்தியே தடுத்துக்கொள்ளலாமே.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி கை காட்டுகிறார். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். குளிசை போட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். மாதவிடாய் ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். உறவு விருப்பமில்லாமல் நடந்தது என்றால் குளிசையோடு நிற்காமல் உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மூன்று நாள் கடந்துவிட்டதா? ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப் போடலாம், குளிசையை விட அது உறுதி. உங்கள் பகுதி மருத்துவமாதிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.