பாரி கொடுத்தது தேரை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, முன்னாடி உக்காந்திருக்கிற பெரியவங்க, தாய்மார்கள், இடம் கிடைக்காம பின்னாடி நின்னுகிட்டே கேக்குற தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். அறிவுள்ள ரோபோவுக்கு மனித உரிமை கொடுக்கணுமாங்கறது தலைப்பு. கொடுக்கவே கூடாதுன்னு சொல்ல வந்திருக்கேன்.

2017 அக்டோபர் மாசம். ரியாத்ல பெரிய முதலீட்டு மாநாடு. உலகத்துப் பணக்காரங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. மேடையில சோஃபியான்னு ஒரு ரோபோ. ஹாங்காங்ல இருக்கிற ஹான்சன் ரோபோடிக்ஸ் கம்பெனி செஞ்சது. பொம்பள முகம், தலையில முடி கிடையாது, மண்டைக்குப் பின்னாடி வயரும் மோட்டாரும் கண்ணாடி வழியா தெரியும். சிரிக்கும், புருவத்தைத் தூக்கும், கேட்டா பதில் சொல்லும். அந்த மேடையிலயே சவுதி குடியுரிமை கொடுத்ததா அறிவிச்சாங்க. உலகத்துலயே ஒரு நாட்டுக் குடியுரிமை வாங்கின முதல் ரோபோ. ஒரே கைதட்டல்.

இருங்க, இதே கதையை இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா இது மேடைக்கு முன்னாடி உக்காந்து பார்த்த கதை. அதே ஊர்ல ஒரு லேபர் ரூம்ல இருந்து பாருங்க. எங்க பெரியப்பா மகன் அங்கதான் ஏசி மெக்கானிக். ஒரு ரூமுக்கு எட்டு பேரு, ரெண்டடுக்குக் கட்டில், தலைமாட்டுல சூட்கேஸ். வருஷா வருஷம் இக்காமாவை, அதாவது அங்க தங்குற அனுமதியைப் புதுப்பிக்கணும், அதுக்கு கஃபீல், அதாவது பொறுப்பு எடுத்து வேலைக்கு வச்சிருக்கிற முதலாளி மனசு வைக்கணும், அப்பல்லாம் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற எக்சிட் ரீ-என்ட்ரி பேப்பருக்கும் அதே கஃபீல்தான். பெரியப்பா தவறினப்போ அந்தப் பேப்பர் கிடைக்கல. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் போன்ல அழுதுகிட்டு இருந்தாரு, இங்க தம்பி கொள்ளி வச்சான். அத்தனை வருஷம் அந்த ஊரு வெயில்ல மொட்டை மாடியில நின்னு அவங்க வீட்டைக் குளிர வச்ச மனுஷன், ராத்திரி கட்டில்ல படுத்து போன்ல பாக்குறாரு, வயர் வச்ச தலைக்கு ஒரே நாள்ல குடியுரிமை! அவர் என்னைக் கேட்டாரு, "ஏண்டா, அதுக்கு கஃபீல் யாருடா?" நடுவர் அவர்களே, அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல, எதிரணிகிட்ட இருந்தா சொல்லட்டும்.

மூணாவது தடவையும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப அந்த ஊரு பொம்பளையா இருந்து பாருங்க. அன்னிக்கு அந்த நாட்டுல பொம்பளைங்க கார் ஓட்ட முடியாது, அந்த அனுமதி நடைமுறைக்கு வந்ததே 2018 ஜூன்லதான். பாஸ்போர்ட் எடுக்க 2019 வரைக்கும் அப்பாவோ புருஷனோ சம்மதிக்க வேண்டியிருந்துச்சு. வெளிநாட்டுக்காரரைக் கட்டிகிட்டா அவ வயித்துல பொறந்த பிள்ளைக்கு தானா குடியுரிமை வராது. பத்து மாசம் சுமந்த பிள்ளைக்கு இல்லாதது பேட்டரியில ஓடுற பொம்மைக்கு கிடைச்சுது! ரோபோவுக்கு உரிமைன்னு பேச ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்னு அந்த ஒரு மேடை காட்டிடுச்சு.

இப்ப எதிரணித் தம்பிகிட்ட வர்றேன். அவரு நல்லா பேசினாரு, நீங்களும் நல்லாவே கைதட்டினீங்க. என்ன சொன்னாரு? "முல்லைக்கொடிக்கே தேர் கொடுத்த பாரி பொறந்த மண்ணுய்யா இது, ஒரு ரோபோவுக்கு உரிமை கொடுக்க மனசு வராத கல்நெஞ்சுக்காரங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க"ன்னாரு.

தம்பி, பாரியை நீங்க கூப்பிட்டு வந்ததுக்கு நன்றி, நான் அவரை எங்க அணியில உக்கார வச்சுக்கறேன். பறம்பு மலைப் பாதையில வர்றாரு பாரி. வழியில ஒரு முல்லைக்கொடி, பத்திப் படர ஒரு கொம்பு இல்லாம காத்துல தவிக்குது. தேரை நிறுத்துறாரு, இறங்குறாரு, கொடியை எடுத்துத் தேர் மேல படர விட்டுட்டு நடந்து போறாரு. இதுல உயிர் எது? முல்லை. மெஷின் எது? தேர்! அந்தக் காலத்து மெஷின்யா அது! மரமும் இரும்பும் அடிச்சு ஆசாரி செஞ்சது. பாரி மெஷினை எடுத்து உயிருக்குக் கொடுத்தாரு. நீங்க உயிருக்கு உள்ளதை எடுத்து மெஷினுக்குக் கொடுக்கச் சொல்றீங்க! கொடியை வெட்டி தேருக்கு மாலை போடச் சொல்றீங்க! அந்த இடத்துல பாரி "ஐயோ, தேருக்கு வலிக்குமே, மழையில நனையுமே, தேரோட உரிமை என்னாகும்"னு நின்னிருந்தா முல்லை செத்திருக்கும், பாரி பேரும் நமக்குத் தெரிஞ்சிருக்காது. எது வாடும், எது வாடாதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சதாலதான் அவரு வள்ளல்.

"ரோபோவும் ஒருநாள் வலிக்குதுன்னு சொல்லும்"னாரு எதிரணித் தம்பி. சொல்லும் தம்பி, சொல்ல வச்சா சொல்லும். நாம எழுதின கோடிக்கணக்கான வரியைப் படிச்சுப் பழகின மெஷின் நம்ம மாதிரி பேசாம வேற எப்படிப் பேசும்? கம்பெனிக்கும் கோயில் சாமிக்கும் சட்டத்துல ஆள் அந்தஸ்து இருக்கேன்னு எதிரணி அக்கா கேட்டாங்க. இருக்கு, சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம். சாமிக்கு ஓட்டு இருக்கா? அது வேற, மனித உரிமை வேற.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 2017ல ஐரோப்பிய நாடாளுமன்றம், ரொம்ப முன்னேறின ரோபோக்களுக்கு மின்னணு ஆள்னு ஒரு அந்தஸ்து கொடுக்கறதை யோசிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. அடுத்த வருஷமே 150க்கு மேல நிபுணர்கள் வேண்டாம்னு கடிதம் எழுதினாங்க. தப்பு நடந்தா செஞ்ச கம்பெனி கையைக் கழுவிடும், பழி மெஷின் மேல போயிடும்ங்கறதுதான் அவங்க பயம். அதே 2018 மார்ச்ல அமெரிக்காவுல டெம்பி ஊர்ல, ராத்திரி சைக்கிளைத் தள்ளிகிட்டு ரோட்டைக் கடந்த ஒரு பொம்பளை மேல ஊபரோட தானியங்கி சோதனைக் கார் மோதி உயிர் போச்சு. கம்பெனி மேல குற்ற வழக்கு இல்ல. உள்ள உக்காந்திருந்த டிரைவர் அம்மாதான் தண்டனை வாங்கினாங்க. இப்பவே இப்படின்னா நாளைக்கு காரையே குற்றவாளின்னு கூண்டுல நிறுத்திட்டு முதலாளி வீட்டுக்குப் போயிடுவாரு.

எனக்கு ரோபோ மேல கோபமே கிடையாது. கேரளாவுல படிச்சுட்டு வந்த பசங்க பாண்டிகூட்னு ஒரு ரோபோ செஞ்சாங்க, 2018ல திருவனந்தபுரத்துல இறக்கினாங்க. சிலந்தி மாதிரி காலை விரிச்சு மேன்ஹோலுக்குள்ள இறங்கி மண்ணை அள்ளிட்டு வருது, ஆளு மேல நின்னு ஸ்கிரீனைப் பாத்து ஓட்டுறாரு. அதைக் கும்பிடணும்யா. ஆனா நீங்க சொல்ற உரிமையை அதுக்குக் கொடுத்துட்டா அதை அந்தக் குழிக்குள்ள இறக்க முடியுமா? கண்ணியமா வாழற உரிமைன்னு கோர்ட்ல ஸ்டே வாங்கிடுவாங்க. அப்ப யாரு இறங்குவா?

யாரு இறங்குவான்னு எனக்குத் தெரியும், நான் பாத்திருக்கேன். எங்க தெருவுல மூடியைக் கடப்பாரையால நெம்பித் திறந்து, பேப்பரைக் கொளுத்தி உள்ள போட்டுப் பாத்துட்டு, இடுப்புல கயித்தைக் கட்டிகிட்டு ஒரு அண்ணன் இறங்கினாரு. உடம்புல ஜட்டி மட்டும்தான். மேல ஏறி வந்து தண்ணி கேட்டாரு. எதுத்த வீட்டுல செம்பைக் கையில கொடுக்கல. கையைக் குவிக்கச் சொல்லி மேல இருந்து ஊத்தினாங்க. அந்தத் தண்ணி முழங்கை வழியா வழிஞ்சு ஓட, அவரு தலையைத் தூக்காமலே குடிச்சாரு.

2015ல கோழிக்கோட்டுல மேன்ஹோலுக்குள்ள ஆந்திரத் தொழிலாளிங்க ரெண்டு பேரு மயங்கி விழுந்தாங்க. வழியில போன ஆட்டோ டிரைவர் ஒருத்தர், அவங்க எந்த ஊரு, என்ன பேருன்னு கூடத் தெரியாது, காப்பாத்த இறங்கிட்டாரு. மூணு பேரும் செத்தாங்க. அவரை இறங்குன்னு யாராவது புரோகிராம் எழுதினாங்களா ஐயா? வீட்டுல பொண்டாட்டி காத்துகிட்டு இருப்பாளேன்னு தெரிஞ்சும் இறங்கினாரே! சாகப்போற பயம் இருந்தும் இறங்கின அந்த மனுஷனுக்கு உள்ளதுதான் மனித உரிமை. ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு, செத்தா 30 லட்சம் கொடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அப்புறமும் ஆளை இறக்கிகிட்டுத்தான் இருக்கோம்.

நடுவர் ஐயா, மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். முன் வரிசையில நம்ம வார்டு கவுன்சிலர் உக்காந்திருக்காரு. அண்ணே, தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் சரி, நம்ம வார்டுல இனிமே அடைப்பு எடுக்க ஒரு ஆளையும் உள்ள இறக்க விட மாட்டேன்னு இப்பவே எந்திரிச்சு நின்னு இத்தனை பேரு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நான் உக்காந்துக்கறேன். வணக்கம்.