'அப்படியே நான்தான்' என்பதற்கு அடுத்த வரி

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பம், அடையாளம் இரண்டையும் பேசும் இன்றைய நாவல்களைப் படித்துவிட்டு இளம் வாசகர்கள் எழுதும் கருத்துகளில் ஒரு வரி தவறாமல் வரும்: 'இதில் வரும் பெண் அப்படியே நான்தான்.' இந்த வரியில் தப்பில்லை. ஆனால் அது எழுதியவரைப் பற்றிச் சொல்கிறதே தவிர, புத்தகத்தைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்கு அடுத்த வரியை எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, கதை யார் வாயிலாக வருகிறது என்பது. தென்கொரியாவின் ஹான் காங் 2024இல் இலக்கிய நோபல் பெற்றவர். அவருடைய 'தி வெஜிடேரியன்' கொரிய மொழியில் 2007இல் வெளியானது. தமிழில் சமயவேல் மொழிபெயர்ப்பில் 'மரக்கறி' என்று கிடைக்கிறது. இறைச்சி சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்திவிடும் ஒரு பெண்தான் கதையின் மையம். ஆனால் நாவலின் மூன்று பகுதிகளில் ஒன்றுகூட அவள் சொல்வதாக இல்லை. முதல் பகுதியைக் கணவன் சொல்கிறான். இரண்டாவது பகுதி அக்காவின் கணவனோடு போகிறது, மூன்றாவது அக்காவோடு. முதல் பகுதிக்கு நடுவே வரும் சில கனவுத் துண்டுகளில் மட்டும்தான் அவள் குரலை நேராகக் கேட்கிறோம்.

இதைப் படித்த பலர் 'அவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்றே புரியவில்லை, பாத்திரப் படைப்பு சரியில்லை' என்கிறார்கள். இந்தக் கருத்தின் முதல் பாதி மிகச் சரியான கவனிப்பு, முடிவுதான் அவசரம். அவள் வீட்டாருக்கும் அது புரியவில்லை. வாசகரும் அவர்களோடு அதே இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார். குடும்பம் கூடியிருக்கும் சாப்பாட்டு வேளையில் தகப்பன் மகளின் வாயில் இறைச்சியைத் திணிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதைச் சொல்பவன் கணவன். அந்த இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் மறுபடி படித்து, அவன் எதைக் கவனிக்கிறான், எதை விட்டுவிடுகிறான் என்று எழுதினால், அதுவே நல்ல விமர்சனத்தில் பாதி.

நம் மொழியிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்'. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடப்பவள் மகள். நாவலின் பெரும்பகுதி நகர்வதோ சுற்றியிருக்கும் மனிதர்களின் பேச்சில். 'பேச்சு நீள்கிறது' என்று ஒருவர் குறை சொல்லலாம், சொல்லட்டும். ஆனால் எந்தப் பேச்சு, யாருடையது, அதை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

படிக்கும்போது என்ன செய்வது? முதல் வாசிப்பில் பெரிதாகக் குறிப்பு எடுக்க வேண்டாம். ஓரத்தில் பென்சில் புள்ளி போதும். ஒரே ஒரு தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர்கள், யாருக்கு யார் என்ன உறவு. வலப்பக்கம், எந்த விஷயம் யாருக்குத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து தெரியும். குடும்ப நாவல் ஓடுவதே இந்த வலப்பக்கத்தில்தான். அம்மாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. வாசகருக்கு நாற்பது பக்கம் முன்பே தெரியும். இந்த இடைவெளிகளைக் குறித்து வைத்தால், கதை எங்கே தொய்ந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோன பக்கத்துக்குப் பிறகும் நாவல் நூறு பக்கம் நீண்டால், பெரும்பாலும் தொய்வு அங்கேதான். பழைய பெட்டியிலிருந்து கடிதம் கிடைத்து ரகசியம் உடைவதாக வந்தால், அந்தக் கடிதம் அப்போது ஏன் எழுதப்பட்டது, யார் படிப்பதற்காக என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது எழுத்தாளருக்கு உதவ வந்த கடிதம்.

சில நாவல்களில் பெயர்ப் பட்டியல் கட்டுக்குள் நிற்காது. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த யா ஜாசியின் 'ஹோம்கோயிங்' (2016) அப்படி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு சகோதரிகள்: தாய் ஒருத்தி, தகப்பன்மார் வேறு. ஒருத்தி அடிமை வணிகம் நடந்த கோட்டையின் மேல்தளத்தில் வெள்ளை அதிகாரியின் மனைவி; இன்னொருத்தி அதே கோட்டையின் நிலவறையில் அடிமை. மொத்தம் 14 அத்தியாயங்கள்; இரண்டு கிளைகளும் மாறி மாறி, அத்தியாயத்துக்கு ஒருவராக ஏழு தலைமுறைகள். 'ஒருவரோடு ஒட்டும் நேரத்தில் அவர் காணாமல் போகிறார்' என்பது இந்த நாவல் மீது வழக்கமாக எழும் புகார். அதை அழித்துவிடாதீர்கள், அங்கிருந்தே தொடங்குங்கள். அடிமை வணிகம் அந்தக் குடும்பத்துக்குச் செய்ததும் அதுதானே? பெற்றவர் என்ன ஆனார் என்று பிள்ளைக்குத் தெரியாது. இருவருக்கும் தாய் வைத்திருந்த கறுப்புக் கல் இரண்டு. ஒன்று தலைமுறை தாண்டி வருகிறது, மற்றது நிலவறை மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இந்தக் கல் எந்தெந்த அத்தியாயத்தில் வருகிறது, எதில் வரவில்லை என்று பட்டியல் போட்டால் வடிவம் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் 'எனக்கு ஒட்டவில்லை' என்று தோன்றினால், தாராளமாக எழுதுங்கள். அப்போது அதற்கு எடை உண்டு.

அடையாளம் பற்றி ஒரு சோதனை. சாதி, நிறம், பாலினம், புலம்பெயர்வு, எதுவானாலும், அந்த அடையாளம் பேசப்படாத ஒரு பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கத்திலும் அந்த மனிதருக்கு ஏதாவது வேண்டியிருக்கிறதா? யார்மீதாவது எரிச்சல், ஏதாவது ஆசை, சின்னப் பொய்? இருந்தால் அது பாத்திரம். அப்படி ஒரு பக்கமே கிடைக்கவில்லையென்றால் கட்டுரைக்குச் சட்டை போட்டிருக்கிறார்கள். தலைப்பு முக்கியமானது என்பதற்காகப் புத்தகத்தைப் பாராட்டுவது இளம் வாசகர்கள் மட்டும் செய்வதல்ல, பரிசுக் குழுக்களும் செய்வதுதான்.

கடைசி இருபது பக்கங்களைத் தனியாகப் பாருங்கள். பெரியவர் ஒருவர் நோயில் விழுவார், எல்லோரும் கூடுவார்கள், எல்லாம் மன்னிக்கப்படும். அந்தக் கூடலில், நடந்த கொடுமையை யாராவது பெயர் சொல்லிப் பேசினார்களா? பேசாமலே மன்னிப்பு வந்திருந்தால், அது பாத்திரங்களின் மழுப்பலா, எழுத்தாளரின் மழுப்பலா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

எழுதும்போது அளவு முக்கியம். 300 சொல் கருத்து என்றால் கதைச் சுருக்கத்துக்கு 60 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். பாதியை ஒரே காட்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு மேற்கோள், இரண்டு வரிக்குள், பக்க எண்ணோடு. மீதியில் உங்கள் தீர்ப்பு. ரகசியம் உடையும் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாமல் கருத்து வெளியே போகக் கூடாது. நீங்கள் ரசித்த வாக்கியத்தை எழுதியவர் அவரும்தான். தன்மையில், அதாவது 'நான்' என்று சொல்லப்பட்ட கதையை எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு, அவர் வீட்டாரை விசாரிப்பது அடிக்கடி நடக்கிறது. ஆசிரியரே சுயசரிதை என்று சொல்லாதவரை 'கதைசொல்லி' என்றே எழுதுங்கள்.

பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம். 112ஆம் பக்கத்தில் மூடினீர்களென்றால் 112 என்றே எழுதுங்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும். நட்சத்திரம் மட்டும் போடாதீர்கள்.

வணக்கம்.