எந்த மீனோடு எந்த மீன்?

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகத் தொட்டி வாங்கியவர்கள் மீன் வாங்கப் போகும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கறுப்பில் ஒரு ஜோடி, சிவப்பில் ஒரு ஜோடி, பட்டை போட்டதில் இரண்டு, அப்புறம் பிள்ளை கைகாட்டிய ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வாங்கி வந்து விட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கும், ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும், இன்னொன்றைக் காணவே காணோம். உடனே, "மீன் வளர்ப்பது நமக்கு ராசியில்லை" என்பார்கள். ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒத்துப்போகாதவற்றைக் கூட்டிவைத்தால் வேறு என்ன நடக்கும்?

நான் சொல்லும் வழி எளிமையானது. உங்களுக்கு எந்த மீன் மிகவும் பிடிக்கிறதோ, அதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். தொட்டி அதனுடையது. மற்ற மீன்களெல்லாம் அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சேர்க்க வேண்டியவை.

அந்த ஒரு மீனையும் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். குழாயிலும் கெட்டிலிலும் வெள்ளையாக உப்புப் படிகிறதா? அப்படியானால் அது கடின நீர். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு அதுதான் சொர்க்கம். மென்மையான தண்ணீர் என்றால் டெட்ரா வகைகள் நன்றாக இருக்கும். நியான் டெட்ராவின் பூர்வீகம் அமேசான் பகுதியின் உப்புக் குறைந்த நீர்தான். பண்ணையில் வளர்ந்த நியான்கள் கொஞ்சம் அனுசரித்துப் போகும் என்றாலும், மோலிக்கும் நியானுக்கும் ஒரே தண்ணீரைக் கொடுத்தால் யாராவது ஒருவர் காலம் முழுக்கச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெப்பமும் அப்படியே. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் அதற்குப் போதும். கப்பிக்கும் டெட்ராவுக்கும் 24, 25 டிகிரி வேண்டும். போதாக்குறைக்கு கோல்டு ஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழிவு போடும், சாதாரண வகை 20 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு கோல்டு ஃபிஷ் என்பது படத்துக்கு அழகு, மீனுக்கு அல்ல. ஆரம்பக்காரர்களின் மீன் என்று அதற்கு எப்படித்தான் பெயர் வந்ததோ!

அடுத்தது அளவு. கடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குட்டிகளை. ஏஞ்சல் மீன் அங்கே ஒரு நாணய அளவில் இருக்கும், நியானோடு சேர்ந்து சமர்த்தாக நீந்தும். வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் நீளம் வரை எட்டும். நியானோ சுமார் 3 சென்டிமீட்டர்தான். பிறகு ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் நியானில் ஒன்று குறையும். மறுவாரம் இன்னொன்று. ஏஞ்சல் முரடன் என்று அர்த்தமில்லை. வாய்க்குள் போகிற அளவில் இருப்பது எதுவும் மீனுக்கு இரைதான்.

"ஷார்க்" என்று சொல்லித் தருகிற வெள்ளி நிறக் குட்டியும் இந்தக் கதைதான். அது கெளுத்தி இனம். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கையில் திணிக்கப்படுகிற சக்கர் மீனும் 30 சென்டிமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். சுத்தம் செய்வதைவிட அது போடும் கழிவு அதிகம். பெரிதான பிறகு ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் போன்றவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழுவழுப்பைச் சுரண்டித் தின்கிற பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் போன்ற பெரிய முரட்டு மீன்கள் பற்றியெல்லாம் இன்று பேசவே போவதில்லை.

குணத்தில் சிக்கல் தருவது இரண்டு மீன். ஒன்று ஃபைட்டர். இரண்டு ஆண்களை ஒன்றாக விடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நீண்ட, வண்ண வாலுள்ள ஆண் கப்பியைக்கூட அது இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டு பாயும் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று டைகர் பார்ப். இரண்டு மூன்றாக வாங்கினால் அடுத்தவர் துடுப்பைக் கடிப்பதே அதற்கு வேலை. எட்டு, பத்து என்று கூட்டமாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு திரியும்; மற்ற மீன்கள் ஓரளவு தப்பிக்கும். அப்போதும் நீண்ட வால் மீன்களை அதன் பக்கம் விடாதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? இரண்டடி நீளத்தில், சுமார் 60 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கடின நீராக இருந்தால் பிளாட்டியில் இரண்டு ஆண், நான்கு பெண். கூடவே ஜீப்ரா டேனியோ ஆறு. கப்பிதான் வேண்டும் என்றால் ஆண்களை மட்டும் வாங்கலாம். பெண் கப்பி விந்தணுவை உடம்பில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்; ஆண் துணையே இல்லாமல் ஒற்றைப் பெண்ணை வாங்கி வந்தாலும் மாதாமாதம் குட்டி போட்டுத் தொட்டியை நிறைத்துவிடும்.

மென்மையான நீருக்கு என் தேர்வு நியான் எட்டு அல்லது பத்து, தேன் கௌராமி ஒன்று, அடியில் கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி ஆறு. நியானை இரண்டு மட்டும் விட்டால் வெளிறிப்போய் மூலையில் ஒண்டிக்கொள்ளும்; கூட்டம் இருந்தால்தான் அந்த நீலக்கோடு பளிச்சென்று தெரியும். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்னவோ கோரிடோரஸைத்தான். மீசையை மணலுக்குள் விட்டுத் துழாவும், வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பி அடிக்கு வரும். சில சமயம் கண்ணைக் கீழே உருட்டும். பார்ப்பவருக்குக் கண்ணடிப்பது போலவே இருக்கும். கூர்மையான கல் போட்டால் அந்த மீசை தேய்ந்து புண்ணாகிவிடும். அதனால் நைசான மணல் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு உறுதியான டேனியோ, பிளாட்டி வகைகள் முதலில், நியான் கடைசியில்.

ஏற்கெனவே மீன்கள் இருக்கிற தொட்டியில் புதியவற்றை விடும் முன் கல்லையும் செடியையும் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். "இது என் இடம்" என்று உரிமை கொண்டாடும் பழைய மீனுக்கு அந்த இடமே அடையாளம் தெரியாமல் போகும். அதற்கும் அடங்காமல் துரத்துகிற மீனைப் பிரித்து வைக்க ஒரு சின்னத் தொட்டி கைவசம் இருக்கட்டும். புதிய மீன்களை நோய் ஏதும் இல்லை என்று தெரியும்வரை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்கவும் அதே தொட்டி உதவும்.

வணக்கம்.