கேஸ் எழுத முதல்

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவில் அகதி விசாரணைகளில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் கேஸ் வெல்லுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கேஸ் எங்கே சறுக்குகிறது என்பதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து கனதரம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விசாரணை அறையில் அல்ல. அதற்கு எவ்வளவோ முதல், யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்டில், 'கேஸ் எழுதின' அன்றைக்கே. அதனால் அகதிக் கேஸ் எழுத யாரிடம் போவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஊரில் என்ன நடந்தது, யாருக்குப் பயப்படுகிறீர்கள், ஏன் திரும்பிப் போக முடியாது என்று தொடக்கத்தில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். விசாரணையில் உறுப்பினர், அதாவது கேஸைக் கேட்டு முடிவெடுப்பவர், கையில் இருப்பது அதுதான். படிவத்தில் இல்லாத ஒரு கைது அன்றைக்குப் புதிதாக முளைத்தால், "இதை ஏன் எழுதவில்லை?" என்பதுதான் அடுத்த கேள்வி. "எழுதித் தந்தவர் தேவையில்லை என்றார்" என்ற பதில் அநேகமாக எடுபடுவதில்லை. வென்ற ஒருவருடைய கதையை வாங்கிப் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதிக் கொடுப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல! உண்மையாகவே அடிபட்டு வந்த ஆள், இரவல் கதையால் பொய்யர் ஆகிறார்.

அனுபவமுள்ள லோயர் திகதி திகதியாகக் கேட்பார். விமான நிலையத்தில் அதிகாரிக்கு நீங்கள் சொன்னதை எடுத்து ஒப்பிடுவார். பிழை இருந்தால் விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்பே திருத்தம் கொடுப்பார். இலங்கை நிலைமை பற்றி, அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை வைத்திருக்கும் ஆவணத் தொகுப்பை வாசித்திருப்பார். உங்களுக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வராமல் அரை மணித்தியாலத்தில் கையெழுத்து வாங்குபவரைத்தான் நான் சந்தேகிப்பேன்.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் இலங்கைத் தமிழர் 492 பேர் கனடாவுக்கு வந்தது நினைவிருக்கும். தாய்லாந்து மாலுமிகள் கைவிட்டுப் போக, வந்தவர்களே கப்பலை ஓட்டவேண்டி வந்தது. இயந்திர அறையில் வெப்பமும் தண்ணீரும் எண்ணெயும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை ஆட்கடத்தலில் பங்கெடுத்தவர் என்று தீர்த்து, அகதிக் கோரிக்கையையே கேட்க மறுத்தார்கள். ஆட்கடத்தலில் பங்கெடுத்தவர்களைத் தடுக்கும் சட்டப் பிரிவு யாரைக் குறிக்கிறது என்ற ஒரே கேள்வியைச் சட்டத்தரணிகள் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார்கள். பணமோ வேறு ஆதாயமோ தேடாமல், தப்பி வரும்போது ஒருவருக்கொருவர் உதவினவர்கள் கடத்தல்காரர் அல்ல என்று 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அது படிவம் நிரப்புகிறவர் செய்யக்கூடிய வேலையா?

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணி, ஒன்ராறியோவில் பரலீகல் (சட்டச் சங்க அனுமதியோடு சில வகை வழக்குகளை மட்டும் நடத்துபவர்), கியூபெக் நொத்தாரிசு, அனுமதி பெற்ற ஆலோசகர் ஆகியோருக்கே உரிமை உண்டு. ஆலோசகர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேஸ் பெடரல் நீதிமன்றத்துக்குப் போனால் அவர்கள் உங்களுக்காக நிற்க முடியாது. கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால் அங்கே மனுப்போட 15 நாள்தான். அதற்குள் புது லோயரைத் தேடி, அவர் கோப்பை வாசித்து... யோசித்துப் பாருங்கள்.

ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் லோயரின் பெயரைப் போட்டால் அனுமதி இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். போனமுறை எப்போது அகதி விசாரணைக்குப் போனீர்கள் என்று நேராகவே கேளுங்கள்; வீடு வாங்கித் தரும் லோயர் இதற்குச் சரிவராமல் போகலாம். "நூறு வீதம் வெல்லும்" என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். காசு இல்லையென்றால், சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு முதலில் போன் எடுங்கள். தகுதி இருந்தால் லோயர் கட்டணத்துக்கான சான்றிதழ் தருவார்கள், அதை ஏற்கும் லோயரை நீங்களே தெரிவு செய்யலாம். கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு தாளையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, ஒரு பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள். நன்றி, வணக்கம்.