ஆணியில் தொங்கிய தப்பு

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், கோயில் முற்றத்தில் குளிருக்குப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம். பேரெல்லாம் சொல்லி வணங்கினால் என் நேரம் போய்விடும். அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

தலைப்பை மட்டும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். பின்வரிசையில் ஓர் அண்ணன், "இன்னைக்குக் கண்ணகியா மாதவியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணே, அவர்கள் இரண்டு பேருக்கும் இன்றைக்கு லீவு. இன்றைக்கு மாதங்கி.

மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்று உலகம் கூப்பிடுகிற ராப் பாடகி. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, சண்டைக்கு நடுவில் வளர்ந்து, அம்மாவோடு அகதியாக மறுபடி லண்டன் போனவர். 2016இல் 'எயிம்' என்று ஓர் இசைத்தொகுப்பு போட்டுவிட்டு, இதுவே கடைசியாக இருக்கலாம் என்றார். ஆறு வருஷம் கழித்து, 2022 அக்டோபரில் 'மாதா' என்று திரும்பி வந்தார். அவருடைய பழைய தொகுப்புகளான 'அருளர்', 'கலா' பக்கத்தில் இந்த 'மாதா' நிற்குமா? நிற்காது என்கிறது எதிரணி. நிற்கும் என்று சொல்ல என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். அட்டனில் இருந்து நோர்வூட் வரைக்கும் இந்த 'மாதா'வை முழுதாகப் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் ஒரு பாட்டி. இறங்கும்போது காசைக் கொடுத்துவிட்டு, "தம்பி, ஒங்க ரேடியோவ யாருக்கிட்டயாவது காட்டுங்க, பாவம் ரொம்ப நேரமா என்னமோ இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார். இதுதான் எங்கள் அணியின் நிலைமை. இதை வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். 'கலா' 2007இல் வந்தது, ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதற்கு அந்த வருஷத்தின் முதலிடம் கொடுத்தது, அதில் இருக்கிற 'பேப்பர் பிளேன்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது என்றார். எல்லாம் சரி. அமெரிக்கா விசா கொடுக்காமல் இழுத்தடித்ததால்தான் மாதங்கி அக்கா ஊர் ஊராகப் போய் அந்தத் தொகுப்பைப் பதிவு செய்தார் என்றார். அதுவும் சரி. சென்னைக்குப் போய் உறுமிக்காரர்களை அடிக்க விட்டு, அந்தச் சத்தத்தை லண்டன் கிளப்புக்குள் கொண்டுபோனார் என்றார். அங்கேதான் எனக்குக் காது நிமிர்ந்தது. உறுமி என்றதும் எனக்கு என் தாத்தா ஞாபகம்.

என் தாத்தா தப்படிக்கிறவர். டவுனில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், தப்பு என்றால் பிழை இல்லை. தோல் கட்டிய வட்டப் பறை. பழைய காலத்தில் விடிவதற்கு முன்னால் இதை அடித்துத்தான் லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிறதுக்கு, எழுப்பினார்கள். சாவுக்கும் இதுதான், சாமிக்கும் இதுதான். மாசி பிறந்தால், மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்துக்கும் இதுதான். என் அப்பாயி பெருமையாகச் சொல்லும், "ஒங்க தாத்தா வாழ்க்கையில தப்பத் தவிர வேற தப்பு செஞ்சதில்ல."

ஒரு வருஷம், காமன் கம்பம் ஊன்றிய அன்றைக்கு, வெற்றிலைத் தட்டு வரிசையாக எல்லோரிடமும் போனது. தலைவர், கங்காணி, கணக்கப்பிள்ளை, கோயில் கமிட்டி, கமிட்டியின் மச்சான், மச்சானோடு சும்மா வந்தவர் என்று எல்லோரும் எடுத்தார்கள். கடைசியில் தப்புக்காரரிடம் வரும்போது தட்டில் ஒரே ஒரு கொட்டைப்பாக்கு. வெற்றிலை இல்லை. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கை எடுத்தார், வேட்டி மடிப்பில் செருகினார், அந்த வருஷக் கூத்தை அடித்து முடித்தார். லயத்துக் காம்பராவுக்கு வந்து, அடுப்புக்கு மேலே இருந்த ஆணியில் தப்பை மாட்டினார். அவ்வளவுதான். ஆறு வருஷம் இறக்கவே இல்லை.

கூத்து நிற்குமா? நிற்காது. கமிட்டி கூடி, கேசட் போடலாம் என்று முடிவெடுத்தது. ரதியாக ஆடியவர் பெக்டரியில் வேலை செய்கிற ஓர் அண்ணன். நல்ல மீசை. ரதிக்காக வருஷத்தில் ஒரு தடவை மட்டும் அதை எடுப்பார், வீட்டில் பெரிய சண்டை நடக்கும். அவர் சேலை கட்டி, பொட்டு வைத்து, ஒரு காலைத் தூக்கி, மன்மதனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ரெக்கோடரில் நாடா சிக்கிக்கொண்டது. சத்தம் இல்லை. அடி வந்தால்தானே காலை இறக்கலாம்? தூக்கின கால் தூக்கினபடி. ஒருத்தர் ஓடிப்போய் கேசட்டை வெளியே இழுத்து, பென்சிலை விட்டுச் சுற்றுகிறார். ரதி நிற்கிறார். இன்னொருத்தர் பென்சிலைப் பிடுங்கி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். ரதி நிற்கிறார். ஐந்து நிமிஷம்! மன்மதன் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தான்.

சரி, அதோடு விட்டதா? மறு வருஷம் புதுக் கேசட் வாங்கினார்கள். சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கிற கட்டம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் யாரோ பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு கல்யாணப் பாட்டு! மன்மதன் எரிகிறான், கல்யாணப் பாட்டு ஓடுகிறது. கலியாணம் ஆனவர்கள் மட்டும், சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தலையாட்டினார்களாம்.

முன்வரிசை அண்ணன் ரதி நின்ற கதையை இன்னொரு தடவை கேட்கிறார். சொல்கிறேன். காலைத் தூக்கின ரதி அரை மணி நேரம் நின்றார். நடுவர் ஐயா சிரிக்கிறார், முதலில் ஐந்து நிமிஷம் என்றாயே என்கிறார். ஐயா, மழை பெய்தால் கொழுந்து வளரும், கை தட்டினால் கதை வளரும்.

ஏழாவது வருஷம் மாசி. யாரும் கூப்பிடவில்லை. கம்பம் ஊன்றுகிற இடத்தில் தாத்தா தப்போடு வந்து நின்றார். காய்ந்த மாணாப் புல்லைக் கொளுத்தினார், தோலுக்குச் சூடு காட்டினார். தப்பு கருகருவென்று இருந்தது. ஆறு வருஷ அடுப்புப் புகை. முதல் அடி. பழைய சத்தம் இல்லை. பழைய தப்பு கணீரென்று அடுத்த மலைக்குக் கேட்கும். இது தாழ்ந்து, கனத்து, நெஞ்சுக்குள்ளே கேட்டது. அடியும் மெதுவாக விழுந்தது. கிழவர்கள் உடனே தீர்ப்புச் சொன்னார்கள், "பழைய கை இல்லப்பா." எதிரணி மாதிரியே! ஆனால் அந்த மீசை இல்லாத ரதி என்ன சொன்னார் தெரியுமா? "முன்னெல்லாம் நான் அழுவுற மாதிரி நடிப்பேன். இந்த வருசம் அந்த மெதுவான அடிக்கு நெசமாவே அழுவ வந்திருச்சு."

அப்பாயியிடம் நான் கேட்டேன், தாத்தா ஏன் அப்படி மெதுவாக அடித்தார், ஏதாவது புது நுட்பமா என்று. அப்பாயி சொன்னது, "நுட்பமாவது மண்ணாவது. தோள்பட்டை வலி. ராத்திரி முழுக்க நான்தான் தைலம் தேச்சு விட்டேன்."

எங்கள் வாதம் இவ்வளவுதான் ஐயா. 'மாதா'வில் பழைய 'கலா'வின் கணீர் இல்லை என்பது உண்மை. எதிரணி சொன்ன அந்தப் புள்ளியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் 'புத்தி' என்று நம் சொல்லிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு, மாலை கட்டுகிற ஒரு பூவின் பெயர். முப்பத்திரண்டு வயதில் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தைத் தாளமாகப் போட்டவர், நாற்பத்தேழு வயதில் பூவின் பெயரை வைக்கிறார். தோள்பட்டை வலி என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது எதிரணித் தங்கச்சியிடம் வருகிறேன். இவர் இரண்டாவதாகப் பேசினார். போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் விசில் அடித்தீர்கள். "மாதா என்பது வடித்த சாயத்தில் ஊற்றிய இரண்டாம் தண்ணி" என்றார். எவ்வளவு தைரியம்! கொழும்பில் பேசியிருந்தால் விட்டிருப்பேன். தேயிலை மலையில் நின்றுகொண்டு, தேயிலைக்காரர்களிடம், இரண்டாம் தண்ணியைக் கேவலமாகப் பேசுவதா?

தங்கச்சி, 1867இல் லூல்கந்துரையில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட ஜேம்ஸ் டெய்லர் காலத்தில் இருந்து முதல் தண்ணி யாருக்குப் போனது? கப்பலேறிப் போனது. இங்கே பறித்து, இங்கே வாட்டி, இங்கே உருட்டி, இங்கே காய வைத்து, நல்லதைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டு, நமக்குத் தூள். அந்தத் தூளிலும் முதல் தண்ணி, வேலைக்குப் போகிற அப்பாவுக்கு. இரண்டாம் தண்ணி யாருக்கு? ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு. சீனி இல்லாத நாளில் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தது. அந்த இரண்டாம் தண்ணியைக் குடித்துவிட்டுப் பனியில் மூன்று மைல் நடந்து படித்த பிள்ளைகள்தான் இன்றைக்கு டீச்சராக, நர்ஸாக இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன், தங்கச்சி, நீங்கள் இவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறீர்களே, அது என்ன முதல் தண்ணியா?

கை தட்டுங்கள், நான் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. பச்சைக் கொழுந்தை அப்படியே கொதிக்கப் போட்டால் சாயம் வருமா? வராது. வாட வேண்டும். அதுபோல மாதங்கி அக்கா ஆறு வருஷம் வாடினார் என்று சொல்ல வந்தேன். பெக்டரிக்காரர்கள் அங்கே தலையை ஆட்டுகிறார்கள், ஒரு ராத்திரிக்கு மேலே வாட விட்டால் கொழுந்து பாழ் என்கிறார்கள். சரி, அந்த உதாரணத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்தத் தொகுப்புகளின் பேர்களைப் பாருங்கள். 'அருளர்' அப்பா. 'கலா' அம்மா. 'மாயா' அவரே. 'மாதங்கி' தன் முழுப் பேர். 'எயிம்' என்பது எம்.ஐ.ஏ.யைத் திருப்பிப் போட்டது. வீட்டு ஆட்களின் பேரை உலகம் முழுக்க உச்சரிக்க வைத்திருக்கிறார். அந்தக் கலா அம்மா லண்டனில் என்ன வேலை செய்தார் தெரியுமா? தையல். அரச குடும்பம் கொடுக்கிற பதக்கங்களுக்குக் கையால் தைக்கிற வேலை. அடிமட்டச் சம்பளம். பிறகு ஒரு நாள் அதே பதக்கத்தை மகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் அரண்மனைக்குப் போய் மாதங்கி அக்கா அதை வாங்கினார். அம்மா அந்த வேலையைப் பற்றி எவ்வளவு பெருமைப்பட்டார் என்பதற்காகத்தான் வாங்குகிறேன் என்று அர்த்தப்படச் சொன்னார். இத்தனை வருஷம் யார் யாருடைய நெஞ்சுக்கோ தைத்த கை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். என் அம்மா அட்டைக்கடியோடு மலையேறி, மழைநாளில் கூடை கனக்க இறங்கி வந்து, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டு ரொட்டி தட்டும். சின்ன வயதில் நான் அதைத் தப்பாக விளங்கியிருந்தேன். அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி சிலேட்டில் அம்மா பேரை முழுதாக எழுதிக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிலேட்டை வாங்கி, எழுத்து அழியாமல் தூக்கி மேலே வைத்தது.

தாத்தாவின் பாக்கை விட்டுவிட்டேனே. ஏழாவது வருஷம் வெற்றிலைத் தட்டு நேராகத் தாத்தாவிடம்தான் முதலில் வந்தது. தாத்தா மடிப்பை அவிழ்த்து, அந்தப் பழைய கொட்டைப்பாக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். "ஒங்க பாக்கு. வெத்தலைய மட்டும் எடுத்துக்குறேன்" என்றார்.

மணி அடித்துவிட்டார்கள். 'கலா'தான் பெரிது என்று நானே சொல்லிவிட்ட மாதிரி எதிரணி சிரிக்கிறது, என் அணித் தலைவர் தலையில் கை வைத்திருக்கிறார். ஐயா, புள்ளியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். என் அம்மா அதோ, மாவிளக்குத் தட்டுக்குப் பக்கத்தில், பச்சைப் போர்வையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா, மைக்கில் ஒன் பேரச் சொல்லவா?

வேண்டாம் என்று கையை ஆட்டுகிறது. சரி, இறங்குகிறேன்.