துரூஃப்ளேயின் ரெக்வியம்

நேயர்களுக்கு வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். 1947ஆம் ஆண்டு அதே நவம்பர் 2 அன்று, ஒரு புதிய ரெக்வியம் பிரெஞ்சு வானொலி வழியாக முதன்முதலில் மக்கள் காதில் விழுந்தது. எழுதியவர் பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆர்கன் கலைஞருமான மொரீஸ் துரூஃப்ளே. வானொலியில் பேசக் கூப்பிட்டதும் நான் இவரையே தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ரெக்வியம் என்றால் இறந்தோருக்கான லத்தீன் பூசைப் பாடல்கள். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும்" என்று கல்லறையில் சொல்கிறோமே, அந்தச் செபத்தில்தான் அது தொடங்குகிறது. மொசார்ட் எழுதியிருக்கிறார், வெர்டி எழுதியிருக்கிறார். வெர்டியில் தீர்வை நாள், அதாவது கடவுள் உலகத்துக்கு இறுதித் தீர்ப்புச் சொல்லும் நாள், வரும்போது பெரிய முரசு அடிக்கிற அடியில் நாற்காலி ஆடும். துரூஃப்ளேயிடம் அந்தத் தீர்வை நாள் பாட்டே கிடையாது. அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் கேப்ரியல் ஃபோரேயும் இப்படித்தான் விட்டுவிட்டார். இருந்தாலும் "அந்தக் கோப நாள்" என்கிற ஒரு சில வரிகள் 'லிபெரா மே' ('என்னை விடுவித்தருளும்') பாட்டுக்குள் வரத்தான் செய்கின்றன. அங்கே ஒரு நிமிடம் பயமுறுத்திவிட்டு அடங்கிவிடுகிறார்.

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1902இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் லூவியே என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கட்டடக் கலைஞர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது, 1912இல், அப்பா அவனை ரூவான் பேராலயத்தின் பாடகர் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார். விடுதி வாழ்க்கை. முதல் ராத்திரி படுக்கையில் அழுது தீர்த்ததைப் பெரியவரான பிறகும் அவர் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில்தான் கிரகோரியன் மெட்டுகள், அதாவது கத்தோலிக்கக் கோயிலின் பழைய லத்தீன் பாட்டு மெட்டுகள், அவர் காதில் ஏறின. பூசை, மாலை வழிபாடு, திருவிழா, அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதே மெட்டுகள். 1945இல் அப்பா இறந்துபோகிறார். இரண்டு வருடம் கழித்து முடிந்த ரெக்வியத்தை அப்பாவின் நினைவுக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். எந்தப் பள்ளியில் விட்டதற்காக அழுதாரோ, அந்தப் பள்ளியில் கற்ற மெட்டுகளையே எடுத்துக் கட்டியிருக்கிறார். இதைப் பற்றி அவர் விளக்கம் எதுவும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

அந்த மெட்டுகளை உங்களுக்கு எப்படிச் சொல்வது? விருத்தம் பாடிக் கேட்டிருப்பீர்கள். தாளம் போட மாட்டார்கள். சொல் எங்கே நீள்கிறதோ அங்கே சுரமும் நீளும். கிரகோரியன் பாட்டும் அந்த மாதிரிதான். பல்லவி, மிருதங்கம் எதுவும் இல்லாமல் சுரங்கள் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சொல்லின் போக்கில் போகும். இதை இசைக்குழுவுக்கு எழுதும்போதுதான் வம்பு. ஐம்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது எண்ணிக்கை இல்லாமல் முடியாதே. அதனால் துரூஃப்ளே அளவை மாற்றி மாற்றி எழுதினார். இந்த வரி மூன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது நான்கு. நடத்துபவருக்குக் கை வலிக்கும். கேட்கிற நமக்கு எண்ணிக்கை ஒன்றும் தெரியாது, பாட்டு மிதக்கும்.

இந்த இடத்தில் என் பாட்டனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர். லத்தீன் ஓர் அட்சரம் படிக்கத் தெரியாது. நாற்பது பக்க நோட்டில், 'லிபெரா மே தோமினே' என்று தமிழ் எழுத்தில், ஊதா மையில் எழுதிவைத்திருந்தார். எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே மேலே ஒரு கோடு. சாவு விழுந்தால் அந்த நோட்டோடு கிளம்பிவிடுவார். ரூவானில் பேராயரை அடக்கம் செய்தாலும், எங்கள் ஊரில் பனையேறியை அடக்கம் செய்தாலும் ஒரே மெட்டு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: துரூஃப்ளே எடுத்தாண்டது அருங்காட்சியகச் சரக்கு அல்ல. அன்றைக்கு உலகம் முழுவதும் கத்தோலிக்கச் சாவு வீட்டில் பாடிக்கொண்டிருந்த மெட்டு.

"மெட்டு பழசு என்றால் இவர் என்ன செய்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வருகிற கேள்வி இது. முதல் பாட்டைக் கேளுங்கள். ஆண்குரல்கள் பழைய மெட்டை அப்படியே பாடுகின்றன. கீழே இசைக்குழு ஓடைபோலச் சலசலக்கிறது. பெண்குரல்களோ சொல்லே இல்லாமல், வெறும் 'ஆ' என்று மேலே வருகின்றன. அந்த 'ஆ' துரூஃப்ளேயுடையது. அடுத்து வரும் 'கிரியே'யில் ('ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற பாட்டில்) ஒரு குரல் தொடங்கியதை இன்னொரு குரல் பிடித்துக்கொண்டு பின்னிப் பின்னிப் போகிறது. எக்காளங்கள் அதே மெட்டை நீட்டி நீட்டி மேலே ஊதுகின்றன. மெட்டை ஓர் இடத்தில்கூட அவர் அமுக்கவில்லை.

அடுத்தவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பக்கத்தில் நிற்பது அவர் சுபாவமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. 1937 ஜூன் 2 அன்று நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் லூயி வியெர்ன், துரூஃப்ளேயின் ஆசிரியர். பிறவியிலேயே பார்வை அநேகமாக இல்லாதவர். அன்று மாலை அவர் கச்சேரி. அந்தப் பேராலயத்தில் அவருக்கு அது 1750ஆவது என்று கணக்குச் சொல்வார்கள். பக்கத்தில் துரூஃப்ளே. வியெர்ன் தன் படைப்பை வாசித்து முடித்தார். அதன் கடைசிப் பகுதி, இறந்துபோன ஒரு குழந்தைக்கான நினைவுக்கல் என்ற தலைப்புள்ளது. அடுத்து அங்கேயே கற்பனையாக வாசிக்க வேண்டும். அதற்கான மெட்டை பிரெய்ல் எழுத்தில் கொடுத்தார்கள். விரலால் தடவிப் படித்தார். ஆர்கனின் ஒலியை மாற்றும் ஸ்டாப்புகளைத் தேர்ந்துகொண்டார். அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் கால் மிதிகட்டையில் பட்டு, கீழ்ச் சுரம் ஒன்று மட்டும் பேராலயம் முழுக்க ஒலித்தது என்று சொல்வார்கள். கீழே இருந்த கூட்டத்தில் பலர் கற்பனை வாசிப்பு தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்களாம். நோத்ர தாம் ஆர்கனில் அமர்ந்தபடியே சாக வேண்டும் என்பது வியெர்னின் நெடுநாள் ஆசை. பக்கத்தில் நின்றது 35 வயது துரூஃப்ளே.

அப்புறம் போர் வந்தது. நண்பர் ழான் அலென், அவரும் ஆர்கன் கலைஞர், 1940 ஜூனில் போர்முனையில் இறந்தார். அவர் பெயரின் எழுத்துகளைச் சுரமாக்கி துரூஃப்ளே ஆர்கனுக்கு ஒரு படைப்பு எழுதினார். 1941இல் விஷி அரசு, ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சில் நாஜிகளோடு ஒத்துப்போன அரசு, அவரிடம் ஒரு படைப்புக் கேட்டது. கேட்டது ரெக்வியம் அல்ல, இசைக்குழுவுக்கு ஒரு சிம்பொனிக் கவிதை. இவர் மெதுவாக எழுதுகிறவர். முடிப்பதற்குள் அந்த அரசே போய்விட்டது. ஆர்கனுக்கு மட்டும் என்று இந்தச் செப மெட்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தவர், லத்தீன் சொல்லிலிருந்து மெட்டைப் பிரிக்க முடியவில்லை என்று கண்டு பாடகர் குழுவுக்கு மாற்றினார். அந்த அரசின் கைப்பட்டதால் சிலர் இதைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். விவாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் கேட்டதைக் கொடுக்காமல், அப்பாவின் நினைவுக்கு ஒன்று எழுதி முடித்த மனிதரிடம் எனக்கு அந்தச் சந்தேகம் வலுவாக எழவில்லை.

நேரம் ஓடிவிட்டது, நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மற்றப் பக்திப் படைப்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்க எண் கொடுத்து வெளியிட்டவை 14 மட்டுமே. 1960இல் கிரகோரியன் மெட்டுகளில் நான்கு சிறு பாடல்கள். 1966இல் 'கும் யூபிலோ' பூசை. அதில் ஆண்குரல்கள் எல்லாம் ஒரே சுருதியில் பாடும். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பூசையில் அந்தந்த ஊர் மொழி வந்து லத்தீன் போனது. அவர் மிகவும் வருந்தினார். பாட்டனாரின் நோட்டும் அப்போதுதான் பரணுக்குப் போனது. தமிழில் பூசை வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மெட்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்க வேண்டாம். 1975இல் ஒரு கார் விபத்து. மனைவிக்கும் அவருக்கும் பலத்த காயம். அதற்கப்புறம் அவர் பெரும்பாலும் வீட்டோடுதான். கடைசிப் படைப்பு 'பரலோகத்தில் இருக்கிற' செபம், சின்னஞ்சிறியது, மனைவிக்கு. லத்தீனுக்காக அவ்வளவு வாதாடியவர் அதைப் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். 1986இல் இறந்தார்.

ரெக்வியத்தை இசைக்குழு இல்லாமல் ஆர்கன் மட்டும் வைத்துப் பாடவும் அவரே எழுதித் தந்திருக்கிறார். என்றாலும் பாடகர் குழு நடத்துகிறவர்கள் முதலில் அந்த நான்கு பாடல்களில் 'ஊபி காரிதாஸை' எடுங்கள். மெட்டை ஆல்டோக்கள், அதாவது தாழ்ந்த பெண்குரல்கள்தான் தொடங்க வேண்டும், அவர்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உச்சக் குரல் சோப்ரானோக்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், முறைப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். வணக்கம்.