டிஸ்க் நிறைந்திருக்கிறது, கோப்புகளைக் காணோம்: லினக்ஸில் மவுண்டுக்கு அடியில் தேடுவது எப்படி?

[திரையில்: கறுப்பு டெர்மினல். "டிஸ்கில் இடமில்லை" என்ற எச்சரிக்கை.]

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு ஒரே ஒரு கோளாறு; அதை மட்டும் முழுதாகப் பார்ப்போம். கணினி இடமில்லை என்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினாலும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்பு எதுவும் கண்ணில் படவில்லை. போதாததற்குச் சில வாரத்து வேலையையும் சேர்த்துக் காணோம்.

[திரையில்: ஸ்கேனர், பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

இது எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் இருக்கும் கணினி. இளைஞர்கள் சிலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் எடுத்த கல்யாணப் படம், விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில், நிற்கும் வரிசை, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வருவார்கள். ஸ்கேன் ஆனதும் அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கூடவே பெரியவர்களின் பேட்டி வீடியோக்களும் உண்டு.

பால்மரம் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்துபோன பிறகு, ஒரு படத்தை இரண்டாம் முறை தேடி வாங்குவது லேசான காரியம் இல்லை. பேட்டி கொடுத்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் "போனது போகட்டும், ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம்" என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள் என்கிறேன். இந்த மாதிரிக் கோளாறில் கோப்புகள் பெரும்பாலும் அதே டிஸ்கில்தான், பத்திரமாக இருக்கும்.

சரி, கணினிக்கு வருவோம். 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ். படங்களுக்கென்று தனியாக 2 டிபி வெளி ஹார்ட்டிஸ்க். அது /எம்என்டி/படங்கள் என்ற ஃபோல்டரில் மவுண்ட் ஆகும்படி, அதாவது அந்த ஃபோல்டரைத் திறந்தால் ஹார்ட்டிஸ்கில் இருப்பது தெரியும்படி, வைத்திருக்கிறார்கள். கட்டளைகளை நான் வாயால் சொல்கிறேன்; டைப் செய்யும்போது திரையில் இருக்கிறபடி ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

[திரையில்: டிஎஃப் -எச்]

முதலில் டிஎஃப், டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் கட்டளை. எஸ்எஸ்டியின் மொத்த அளவு 234 ஜிபி என்கிறது. 256 எப்படி 234 ஆனது என்று பதற வேண்டாம்; கடைக்காரர் ஆயிரத்தில் எண்ணுகிறார், டிஎஃப் 1024-இல் எண்ணுகிறது, துவக்கப் பகுதிக்கும் கொஞ்சம் போய்விடும். பயன்பாட்டில் இருப்பது 221. மிச்சம் 1. கூட்டிப் பார்த்தால் 12 ஜிபி உதைக்கிறது இல்லையா? அது எஸ்எஸ்டியில் இருக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம். அதில் கோளாறு ஒன்றும் இல்லை.

[திரையில்: சூடோ டியூ -எக்ஸ்எச்எஸ் /]

அடுத்தது டியூ, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் கட்டளை. இங்கே -எக்ஸ் முக்கியம். அதைப் போட்டால் வேறு டிரைவுகளுக்குள் போகாமல் இந்த ஒரு எஸ்எஸ்டியை மட்டும் எண்ணும். முன்னால் இருக்கும் சூடோ, ரூட் அதிகாரத்தோடு ஓட்டு என்பது; அது இல்லாமல் ஓட்டினால் படிக்க அனுமதி இல்லாத ஃபோல்டர்களை விட்டுவிட்டுத் தப்புக் கணக்குச் சொல்லும், அதையும் மறக்க வேண்டாம். இப்போது வந்த விடை 38 ஜிபி.

ஒன்று 221 என்கிறது, மற்றது 38 என்கிறது. இடையில் 183 ஜிபி. இரண்டுமே பொய் சொல்லவில்லை. டிஎஃப் கேட்பது கோப்பு முறைமையின் கணக்குப் புத்தகத்தை: எத்தனை பிளாக் போயிருக்கிறது, எத்தனை மிச்சம். டியூ அப்படிக் கேட்காது. ஒவ்வொரு ஃபோல்டராக நடந்து போய்க் கையில் அகப்படும் கோப்புகளைக் கூட்டும். ஆக, டிஸ்கில் இருந்தும் நடந்து போய்ச் சேர வழியில்லாத கோப்புகள் இருந்தால் இரண்டும் இப்படித்தான் முரண்படும்.

வழியில்லாமல் போக இரண்டு காரணங்கள் வழக்கம். ஒன்று, அழித்த கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருப்பது. சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று கேட்டால் பட்டியல் வரும். அங்கே எல் பெரிய எழுத்து. அந்த நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினால் இடம் திரும்பிவிடும். இந்தக் கணினியில் அந்தப் பட்டியலில் பெரிதாக எதுவும் இல்லை. இரண்டாவது காரணம்தான் நம்முடையது.

[திரையில்: ஃபைண்ட்எம்என்டி வெளியீடு: எந்த டிரைவ் எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்ற பட்டியல். /எம்என்டி/படங்கள் என்ற வரி மஞ்சள் கட்டத்தில்.]

மளிகைக் கடையில் வருஷா வருஷம் காலண்டர் கொடுப்பார்கள். பழையதைக் கழற்றாமல் அதே ஆணியில் புதியதை மாட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரிவது புதியது மட்டும்தான். பழையது கிழிந்துபோகவில்லை, பின்னால் தொங்குகிறது. ஆணி இரண்டின் பாரத்தையும் சுமக்கிறது. மவுண்ட் செய்வதும் இதுவே. /எம்என்டி/படங்கள் என்பது ஆணி. எஸ்எஸ்டியில் அந்த ஃபோல்டருக்குள் ஏற்கெனவே கோப்புகள் இருந்து, அதன் மேல் வெளி ஹார்ட்டிஸ்க் மவுண்ட் ஆனால், அடியில் இருப்பவை மறைந்துவிடும். இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு பாதையை ஒவ்வொரு படியாகக் கடந்து போகும். "படங்கள்" என்ற படிக்கு வந்ததும் இங்கே ஒரு மவுண்ட் இருக்கிறது என்று தெரிந்து, அப்படியே வெளி டிஸ்கின் வேருக்கு, அதாவது அதன் முதல் ஃபோல்டருக்கு, தாவிவிடும். ஃபைல் மேனேஜர் ஆனாலும், வண்ண வட்டம் போட்டுக் காட்டும் டிஸ்க் அனலைசர் ஆனாலும் எல்லாம் அதே கெர்னலிடம்தான் வழி கேட்கின்றன. எந்த மென்பொருளை மாற்றிப் பார்த்தாலும் அடியில் இருப்பது தெரியாது.

அந்தக் கோப்புகள் அங்கே எப்படிப் போயின? இங்கே மத்தியான இடிமழைக்கு ஹார்ட்டிஸ்கின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது வழக்கம். மறுநாள் பிளக்கைத் திரும்பச் செருகாமலே கணினியை மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்த டிரைவ் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று எழுதி வைக்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த டிரைவுக்கு நோஃபெயில் என்ற சொல் இருக்கிறது. டிரைவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ துவங்கு என்று அதற்குப் பொருள். கணினி துவங்கிவிட்டது. /எம்என்டி/படங்கள் என்ற ஃபோல்டரும் இருக்கிறது. அது எஸ்எஸ்டியின் சொந்த, காலி ஃபோல்டர். ஆரம்பத்தில் அமைத்தபோது யாரும் எழுதலாம் என்று அதற்கு அனுமதியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் மென்பொருள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் சேமித்துக்கொண்டே போனது. யாரும் தப்பு செய்யவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. சில வாரம் கழித்து யாரோ ஹார்ட்டிஸ்கைச் செருகிக் கணினியைத் துவக்கினார்கள். அன்றைக்கு அத்தனையும் மறைந்துபோனது.

[திரையில்: கணினி துவங்கியதிலிருந்து உள்ள லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் -பி வெளியீடு, ஒரு வரி மட்டும் பெரிதாக.]

இந்த ஒரு வரியைப் பாருங்கள். மவுண்ட் ஆகப்போகும் ஃபோல்டர் காலியாக இல்லை, இருந்தாலும் மவுண்ட் செய்கிறேன் என்று, கணினியைத் துவக்கும் நிரலான சிஸ்டம்டி தானே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு முக்கியமான சேதி லாக்கின் நடுவில் கிடக்கிறது. திரையில் எங்கும் வராது. டிஸ்க் கணக்கு உதைக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இனி மீட்பது. மேலே இருக்கும் டிரைவைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் யாராவது ஒரு படத்தைத் திறந்து வைத்திருந்தால் யூமவுண்ட் மறுத்துவிடும், டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். அந்த நேரத்தில் -எல் போட்டு வலுக்கட்டாயமாகக் கழற்றாதீர்கள். திறந்திருக்கும் நிரல்கள் அந்த டிரைவில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும், நீங்களோ கழன்றுவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்குவீர்கள்.

அதைவிட நல்ல வழி பைண்ட் மவுண்ட். 2001-இல் வந்த லினக்ஸ் 2.4 முதலே இருக்கிறது.

[திரையில்: சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/அடி
சூடோ மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/அடி
எல்எஸ் /எம்என்டி/அடி/எம்என்டி/படங்கள்]

"அடி" என்று ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி, எஸ்எஸ்டியின் வேரையே அங்கே இன்னொரு முறை காட்டச் சொல்கிறோம். சாதாரண பைண்ட், மேலே ஏறியிருக்கும் மற்ற டிரைவுகளைக் கூடவே இழுத்து வராது. எஸ்எஸ்டி மட்டும், தன் சொந்தக் கோப்புகளோடு வரும். --ஆர்பைண்ட் என்று போட்டுவிடாதீர்கள். அது எல்லா மவுண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து, பழையபடி மறைத்துவிடும்.

[திரையில்: பட்டியல் ஓடுகிறது. ஸ்கேன்_0001, ஸ்கேன்_0002, ஸ்கேன்_0003...]

இதோ இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 26 எம்பி. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் அந்த அளவு வரும். வீடியோக்களும் கீழே இருக்கின்றன.

சந்தோஷத்தில் உடனே பெரிய டிஸ்கில் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டாம். பெயர்களைக் கவனியுங்கள்: 0001-இலிருந்து ஆரம்பிக்கின்றன. ஃபோல்டர் காலியாக இருந்ததால் ஸ்கேன் மென்பொருள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. வெளி ஹார்ட்டிஸ்கிலும் 0001 இருக்கிறது, அது வேறொரு குடும்பத்தின் படம். ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்றை ஒன்று மேலெழுதி, இதுவரை பத்திரமாக இருந்ததும் போய்விடும். அதனால் "மீட்டவை" என்று தனி ஃபோல்டர்; ஆர்சிங்க் என்ற கட்டளையால் அதற்குள் நகலெடுப்போம்.

[திரையில்: ஆர்சிங்க் -ஆர்டிவி /எம்என்டி/அடி/எம்என்டி/படங்கள்/ /எம்என்டி/படங்கள்/மீட்டவை/]

முடிந்ததும் அதே கட்டளையில் -ஆர்டிவி இருந்த இடத்தில் -ஆர்சிஎன்வி போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். அதில் "சி" என்ற எழுத்து இரண்டு பக்கத்துக் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும். "என்" என்ற எழுத்து இருந்தால் எதையும் நகலெடுக்காது, வித்தியாசம் இருந்தால் பெயரை மட்டும் சொல்லும். கோப்புப் பெயர் ஒன்றும் வரவில்லை என்றால் நகல் சரி. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். அப்புறம் சில படங்களை உங்கள் கண்ணாலேயே திறந்து பாருங்கள். இவை வேறெங்கும் இல்லாத படங்கள் என்பதால், இன்னொரு டிஸ்கிலும் ஒரு நகல் வைக்கும் வரை அடியில் இருப்பதை அழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அழிக்கும்போது நிதானம் வேண்டும். /எம்என்டி/அடி என்பது பார்க்கச் சின்ன ஃபோல்டர், உண்மையில் அது முழு எஸ்எஸ்டி. அதன் மேல் ஆர்எம் -ஆர் ஓட்டினால் உபுண்டுவே அழிந்துவிடும். /எம்என்டி/அடி/எம்என்டி/படங்கள் உள்ளே போய், அங்கே நிற்கிறோமா என்று பிடபிள்யூடி போட்டு உறுதி செய்துகொண்டு, அந்தக் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

[திரையில்: சூடோ சிஹெச்ஆட்டர் +ஐ /எம்என்டி/அடி/எம்என்டி/படங்கள்]

பைண்டைக் கழற்றுவதற்கு முன் இந்த ஒரு கட்டளை. எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் முக்கியம். அடியில் இருக்கும் காலி ஃபோல்டரை மாற்ற முடியாததாக ஆக்குகிறோம். இனி ஹார்ட்டிஸ்க் இல்லாத நாளில் ரூட் பயனரே வந்தாலும் அங்கே ஒரு கோப்பு எழுத முடியாது. ஸ்கேன் மென்பொருள் அப்போதே பிழை காட்டும், யாராவது எழுந்து போய் பிளக்கைப் பார்ப்பார்கள். ஹார்ட்டிஸ்க் மேலே மவுண்ட் ஆவதை இது தடுக்காது.

நோஃபெயிலை எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். எடுத்தால் டிரைவ் இல்லாத நாளில் கணினி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். லினக்ஸ் தெரியாதவர்கள் பயன்படுத்தும் கணினியை அப்படி நிறுத்துவது நியாயமில்லை. நோஃபெயிலும் இருக்கட்டும், +ஐ-யும் இருக்கட்டும். எஃப்எஸ்டேபில் எஸ்டிபி1 மாதிரிப் பெயர் இருந்தால் அதை மட்டும் யூயூஐடிக்கு, அதாவது அந்த டிரைவுக்கே உரிய அடையாள எண்ணுக்கு, மாற்றுங்கள். இன்னொரு பென்டிரைவ் செருகியிருந்தால் அந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும். இரவில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறதென்றால் அதன் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் -கியூ போட்டுச் சரிபார்த்து, டிரைவ் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

[திரையில்: சூடோ யூமவுண்ட் /எம்என்டி/அடி
சூடோ ஆர்எம்டிஐஆர் /எம்என்டி/அடி]

"அடி"யை நீக்க ஆர்எம்டிஐஆர் மட்டும் போதும். பைண்ட் கழலாமல் இருந்தால் அது நீக்க மறுத்துவிடும், ஆபத்தில்லை.

இப்போது சோதனை. கணினியை அணைத்து, ஹார்ட்டிஸ்கின் வயரைக் கழற்றிவிட்டுத் துவக்குங்கள். டச் /எம்என்டி/படங்கள்/சோதனை என்று டைப் செய்யுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால் பூட்டு வேலை செய்கிறது. வயரைச் செருகி, சூடோ மவுண்ட் -ஏ கொடுத்து, ஃபைண்ட்எம்என்டியில் /எம்என்டி/படங்கள் வரியைப் பார்த்துவிட்டு ஸ்கேன் வேலையைத் தொடரலாம். புது எண்ணை, ஏற்கெனவே இருக்கும் கடைசி எண்ணுக்கு அடுத்ததிலிருந்து தொடங்குங்கள்.